பாதியில் நிற்கும் ஆட்டம்

கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், ராபர்ட் வார்ட்ஹா என்ற வரலாற்றுப் பேராசிரியரின் வீட்டு நிலவறையில் ஓர் ஆட்டம் நடக்கிறது. 1982இல் அவர் பள்ளி மாணவராக இருந்தபோது தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அதே கற்பனை உலகம், அதே கதையின் தொடர்ச்சி. சுற்றிலும் அலமாரிகள், அவை நிறையக் கையளவுக்கும் சிறிய பொம்மைகள், பல்லாயிரம். ஆட வந்த பையன்கள் இடையில் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகளைப் பெற்றார்கள். வெளியூருக்குக் குடிபோன சிலர் அங்கிருந்து பயணப்பட்டு வந்தாவது ஆடுகிறார்கள்.

சீட்டுக் கச்சேரி விடிந்தால் கலைந்துவிடும். சதுரங்கத்தில் ராஜா விழுந்ததும் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம். நாற்பது ஆண்டாக முடியாத ஆட்டம் எப்படிச் சாத்தியம் என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, அத்தனை ஆண்டும் ஒரு நண்பர் கூட்டத்தை அது எப்படி ஒரே மேசைக்குத் திரும்பத் திரும்ப இழுத்துவருகிறது என்பது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சாகி ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது. சமூகவியலாளர்கள், விதிநூல் எழுதுபவர்கள், நட்பை ஆராய்பவர்கள், நாவலாசிரியர்கள் என்று பல தரப்பும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோவையில் கல்லூரி விடுதி அறையொன்றில் நானும் ஐந்து நண்பர்களும் 2007இல் தொடங்கிய ஆட்டம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இது எனக்கு வெறும் படிப்பு விஷயம் அல்ல.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. பாத்திரத்தின் பலம், அறிவு, சாமர்த்தியம், மிச்சமிருக்கும் உயிர்ப்புள்ளி எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். ஒருவர் மட்டும் தனக்கென்று பாத்திரம் எடுப்பதில்லை. அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகத்தை வர்ணிப்பது, வழியில் எதிர்ப்படும் அத்தனை பேராகவும் பேசுவது, விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. கூத்தில் கட்டியங்காரன் வேலை, வீட்டில் கதை சொல்லும் பாட்டி வேலை, மைதானத்தில் அம்பயர் வேலை மூன்றும் ஒரே தலையில். “எதிரே இரும்புக் கதவு. உள்ளே யாரோ அழுகிற சத்தம். என்ன செய்யப்போறீங்க?” என்று கேட்பார். செய்ய நினைப்பதை வாயால் சொன்னால் போதும். அது நடக்குமா என்பது தெரியாதபோது இருபது முகப் பகடை உருளும். வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. பாத்திரம் பிழைத்திருந்தால் அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இப்படி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போவதற்குக் கேம்பெய்ன் என்று பெயர். போர் விளையாட்டுக்காரர்களிடமிருந்து வந்த சொல் அது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்ற அந்த ஏற்பாடு யாரும் அறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களில் 1960களின் இறுதியில் போர் விளையாட்டில் ஊறிய இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. நெப்போலியன் காலப் படைகளைப் பொம்மைகளாக மேசையில் நகர்த்திச் சண்டையிடுவார்கள். அவர்களில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தார். பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மானிய ஊர். அந்த ஊரை நோக்கிப் படைகள் வருகின்றன. ஆனால் எல்லாருக்கும் படை கிடையாது. சிலருக்கு ஊர் மேயர், புரட்சி பேசும் மாணவர் என்று தனி ஆட்களின் வேடம். போர் தொடங்குவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ரகசியம் பேசவும் பேரம் நடத்தவும் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் வெஸ்லியின் கைமீறிப் போயிற்று. தன் முயற்சி தோற்றுவிட்டது என்றே அவர் எண்ணினார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டு நின்றார்கள்.

அதே கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் 1971இல் அந்தப் பழக்கத்தைக் கோட்டையும் பாதாள அறைகளும் அசுரர்களும் நிறைந்த பிளாக்மூர் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். செயின்ட் பால் நகரில் பெற்றோர் வீட்டு நிலவறைதான் ஆடுகளம். ஒருமுறை பிழைத்த ஆள் அடுத்த முறையும் வருவான், அனுபவத்தால் வலுக்கூடுவான் என்பது அங்கேதான் வேர்பிடித்தது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரனுடன் சேர்ந்து செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிநூலை 1971இல் வெளியிட்டிருந்தார். ஆர்னெசன் அதையும் கையாண்டிருந்தார். 1972இன் இறுதியில் அவர் லேக் ஜெனீவாவுக்குப் போய்ப் பிளாக்மூரை ஆடிக்காட்டினார். கைகாக்ஸ் உடனே தனக்கென்று கிரேஹாக் என்ற கோட்டையை வரைந்தார். அதற்குள் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேர். 1974 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக, பத்து டாலர் விலையில், ஆயிரம் பிரதிகள் வெளிவந்தன.

அந்த மூன்று புத்தகங்களையும் தனியாகப் படித்து ஆடக் கற்பது பெரும்பாடு. ஒரு கேம்பெய்னில் நாலு பேர் முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம் என்று சொல்லும். ஒரு மாலை எப்படித் தொடங்கி எப்படி முடியும் என்பதை விளங்கச் சொல்லாது. ஆடத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பலரும் கற்றார்கள். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சீனியர் ஒருவர் இரண்டு இரவு ஆடிக்காட்டிவிட்டுப் போனார். மூன்றாம் இரவு நாங்களே தொடங்கினோம். கையில் இருந்தது ஜெராக்ஸ் எடுத்த நாற்பது பக்கம். ஏற்கெனவே கூடிப் பழகியவர்களின் நடுவில் பிறந்து, ஆள்விட்டு ஆள் பரவிய ஆட்டம் இது. நீடிப்பைப் பற்றிய எந்த விளக்கமும் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கல்விப்புலத்திலிருந்து வந்த முதல் பெரிய விடையும் மினசோட்டாவில்தான் எழுதப்பட்டது. அங்கே சமூகவியலாளராக இருந்த கேரி ஆலன் ஃபைன், 1970களின் பிற்பகுதியில் ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து ஆடி, 1983இல் ‘ஷேர்டு ஃபேன்டசி’ என்ற நூலை வெளியிட்டார். மேசையில் இருப்பவர் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் இயங்குகிறார் என்பது அவர் கண்டது: நிஜ மனிதர், விதியறிந்து ஆடுபவர், கதைக்குள் இருக்கும் பாத்திரம். இதை எங்கள் மேசையில் நடந்ததைக் கொண்டு சொன்னால் சுலபமாக விளங்கும். திருடன் பாத்திரம் எடுத்த நண்பன் ஒரு சனிக்கிழமை இரவு ஒரு நிமிடத்துக்குள் மூன்று வாக்கியம் பேசினான். “நான் கயித்தப் புடிச்சு இறங்கறேன்.” “நான் பதினாலு போட்டிருக்கேன், போதுமா?” “நான் நாளைக்குக் காலைல ஷிப்டுக்குப் போகணும்டா, சீக்கிரம்.” மூன்றிலும் ‘நான்’ வேறு. யாரும் குழம்பவில்லை. கயிற்றில் இறங்கியது திருடன், பதினாலு போட்டது ஆட்டக்காரன், ஷிப்டுக்குப் போக வேண்டியவன் திருப்பூர் பனியன் கம்பெனியின் சூப்பர்வைசர் என்பதைப் பிரித்தறிய எங்களில் யாருக்கும் கணப்பொழுதும் ஆகவில்லை.

ஃபைனின் பகுப்பு இன்றுவரை இந்தத் துறையின் அடித்தளம். ஆனால் அவர் பார்த்தது பெரும்பாலும் இளைஞர்களை. ஆட்டம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். இருபது, முப்பது ஆண்டு சேர்ந்து ஆடிய கூட்டம் அப்போது உலகத்தில் எங்கும் கிடையாது. பழைய கூட்டங்களில் நாலாவது தளம் ஒன்று சேர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்: சேர்ந்து சேர்த்துவைத்த இறந்தகாலம். டி.எம். ‘பாலம்’ என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் ஐந்து பேர் முகத்திலும் ஒரே கலக்கம் படரும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பாலத்தில் நாங்கள் இழந்தது நினைவுக்கு வந்திருக்கும். புதிதாக வந்து உட்கார்ந்தவருக்கு அது வெறும் பாலம்.

விதிநூல் எழுதுபவர்களின் விடை வேறு திசையில் போகிறது. கூட்டம் உடைவது ஆளுக்கு ஆள் ருசி வேறுபடுவதால் என்பது அவர்கள் வாதம். 1980இலேயே கிளென் பிளாகோ, ஆட்டக்காரர்கள் நாடும் இன்பங்களை நாலு வகையாகப் பிரித்து எழுதினார். ஒருவருக்குச் சண்டையும் பலமும், ஒருவருக்குக் கதை, ஒருவருக்கு வேடம், ஒருவருக்குப் போர்த்தந்திரம். 2002இல் ராபின் லாஸ் அந்தப் பகுப்பை விரித்து, எந்த வகை ஆளுக்கு என்ன கொடுத்தால் மேசை நிறையும் என்று டி.எம்.களுக்குக் கைப்புத்தகம் எழுதினார். ரான் எட்வர்ட்ஸ் இன்னும் கறாரானவர்: ஆடும் விதமே விதியின் விளைவு, ருசிக்கேற்ற விதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நல்ல நண்பர்களும் சலித்துப்போவார்கள் என்று வாதிட்டார். அவர் கிளப்பிய விவாதத்திலிருந்து பல அருமையான புது ஆட்டங்கள் பிறந்தன.

எனக்கு இதில் பாதி உடன்பாடு. முன்பின் அறியாதவர்கள் கூடும் மேசைக்கு இது பொருந்தும். நீண்டநாள் கூட்டத்தின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகள் 1977இலிருந்து 1979க்குள் ஒருமுறை விரித்தெழுதப்பட்டன. பிறகு 1989, 2000, 2008, 2014, 2024 என்று மாறிக்கொண்டே வந்தன. ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் கைமாறியது, 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது, 1999இல் அதை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2008 பதிப்பு பிடிக்காமல் பலர் பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் உரிம விதிகளை மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்ததும் ஆட்டக்காரர் உலகமே கொந்தளித்தது, நிறுவனம் பின்வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் பல பழைய கூட்டங்கள் 1980களில் வாங்கிய புத்தகத்தையே, முதுகு பிரிந்து டேப் ஒட்டியபடி, இன்னும் வைத்து ஆடுகின்றன. வார்ட்ஹா தன் மேசைக்கென்று விதிகளை மாற்றி மாற்றித் தனதாகவே ஆக்கிக்கொண்டார்.

விதிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். தாளில் பாத்திரம் வளர்கிறது பாருங்கள், அந்த ஒரு விதி இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. என் நண்பன் ஒருவனின் பாத்திரத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. உயிர்ப்புள்ளி எழுதும் கட்டத்தில் பென்சிலால் எழுதி எழுதி, ரப்பரால் அழித்து அழித்து, காகிதம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. பின்பக்கம் செலோடேப் ஒட்டி அதன்மேல் எழுதியிருக்கிறான். ஒவ்வொரு அழிப்பும் ஒரு சனிக்கிழமை. எண்கள் ஏறி இறங்கிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புது ஆட்டத்துக்குப் போவது, பத்து வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்வது போலத்தான்.

நட்பை ஆராய்பவர்கள் தரும் விடை கணக்கு வடிவில் இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும்; நண்பராக 90; நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலு மணி நேரம் ஆடும் கூட்டத்துக்கு வருடத்தில் நூறு மணி நேரம் சேர்கிறது. முப்பது வயதைத் தாண்டி, வேலையும் பிள்ளைகளும் வீட்டுக்கடனும் வந்த பிறகு, கல்லூரி நண்பனோடு வருடத்துக்கு நூறு மணி நேரம் உட்கார வேறு எந்த வழி இருக்கிறது? கல்யாண வீட்டில் சந்தித்துப் பத்து நிமிடம் பேசினாலே பெரிது. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார் சொல்வதும் இதோடு சேரும். சாதாரணப் பேச்சு நாலு பேரைத் தாண்டினால் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்று அவரும் சகாக்களும் 1995இல் காட்டினார்கள். டி.எம். ஒவ்வொருவராகத் திரும்பி “நீ என்ன செய்யற?” என்று கேட்கும் முறை, ஆறு பேரையும் ஒரே பேச்சில் கட்டி வைக்கிறது. எங்கள் கூட்டத்தில் வாயே திறக்காதவன் ஒருவன் உண்டு. டீக்கடையில் ஆறு பேர் நின்றால் அவன் இருப்பதே தெரியாது. மேசையில் அவன் முறை வரும்போது ஐந்து பேரும் அவன் வாயைப் பார்த்துக் காத்திருப்போம். அவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் மணிக்கணக்கு மட்டும் போதாது. சேர்ந்து கிரிக்கெட் மேட்ச் பார்த்தாலும் நேரம் சேரும். ஒருவர் வராவிட்டால் மேட்ச் நிற்காது. இங்கே பூசாரி வராவிட்டால் காயம்பட்டவருக்கு மருந்தில்லை. போன தடவை அரக்கனின் குகை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். உள்ளே போகாமல் தீராது. முடிக்காமல் வைத்த காரியம் ஒன்று நடுவில் கிடப்பதால்தான் கூட்டம் மறுபடி கூடுகிறது என்பது இத்தனை விடைகளையும் படித்த பிறகு நான் வந்துசேர்ந்த இடம். மற்றவர்கள் சொன்னதெல்லாம் இதைச் சுற்றித்தான் நிற்கிறது.

நாவலாசிரியர்களின் சாட்சியம் இதற்கு வலுச்சேர்க்கிறது. சான் டியேகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களில் ஒரு நண்பர் கூட்டம் வியாழக்கிழமைதோறும், பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கூடி மிட்கெமியா என்ற உலகத்தைச் சேர்ந்து கட்டியது. அதில் ஒருவரான ரேமண்ட் ஃபைஸ்ட் அந்த உலகத்தில் நடக்கும் ‘மஜிஷியன்’ நாவலை 1982இல் வெளியிட்டுப் பெரும்பெயர் பெற்றார். அதே 1982இல் கனடாவின் தொல்லியல் அகழாய்வொன்றில் பழக்கமான ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸ்ஸல்மான்ட்டும், தாங்கள் ஆடுவதற்காகவே மலாசன் பேரரசை உருவாக்கினார்கள். எரிக்சனின் முதல் மலாசன் நாவல் 1999இல்தான் வந்தது. இருவரும் அந்த உலகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளாமல் தனித்தனியாக நாவல்கள் எழுதிவருகிறார்கள். ஒண்டாரியோவின் நூலகர் எட் கிரீன்வுட் தன் வீட்டு மேசைக்காக வளர்த்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் 1987இல் ஆட்டத்தின் அதிகாரபூர்வ உலகங்களில் ஒன்றாக அச்சேறியது. ஜப்பானில் நிலைமை இன்னும் சுவாரசியம். அங்கே நண்பர்கள் ஆடிய ஆட்டத்தைப் பேச்சுப் பேச்சாகவே எழுதி, ரீப்ளே என்ற பெயரில் 1986 முதல் காம்ப்டிக் பத்திரிகை தொடராக வெளியிட்டது. ரியோ மிசுனோ டி.எம்.ஆக இருந்த அந்த ஆட்டம்தான் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்’ என்று நாவலாகவும் அனிமேஷனாகவும் வளர்ந்தது.

அச்சேறாத உலகங்கள்தான் அதிகம். எங்கள் கூட்டத்தில் நோட்டு எழுதும் வேலை ஒருவனுடையது. பூசாரி பாத்திரம் அவனுடையது. யார் யாரைச் சந்தித்தோம், யாருக்கு எத்தனை பொற்காசு கடன், எந்த ஊரில் எந்தச் சத்திரக்காரி எங்களைத் துரத்தினாள் எல்லாம் அறுபது பக்க ரூல்டு நோட்டில், முத்துமுத்தான கையெழுத்தில். ஏழு நோட்டு. டி.எம். நான்தான், ஆனால் என் உலகத்தை என்னைவிட நன்றாக அறிந்தவன் அவன்.

இந்த நெருக்கத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள் பயந்ததும் உண்டு. 1979இல் மிச்சிகனில் மாணவர் ஒருவர் காணாமல்போனதை ஆட்டத்தோடு முடிச்சுப்போட்டுச் செய்திகள் வந்தன. அந்த முடிச்சு தவறு என்று பிறகு தெரிந்தும் பயம் போகவில்லை. டாம் ஹாங்க்ஸ் நடித்த ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ 1982இல் தொலைக்காட்சியில் வந்தது. 1983இல் ஆட்டத்தை எதிர்க்கவென்றே அமைப்பு தொடங்கப்பட்டது. சாத்தான் வழிபாடு, தற்கொலை என்று பத்தாண்டு பேச்சு. அந்தப் பீதியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், இங்கே அது போதும்.

சிறைகளைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் அச்சேறிய அதே விஸ்கான்சின் மாநிலத்தில் வாப்பன் சிறையில் ஆட்டத்தைத் தடைசெய்தார்கள். கைதி ஒருவர் எழுதிவைத்திருந்த கேம்பெய்ன் கையெழுத்துப்படி, தொண்ணூற்றுச் சொச்சம் பக்கம், பறிக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 2010இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறை நிர்வாகத்தின் பக்கம் நின்றது. டி.எம். சொல்வதை மற்றவர் கேட்பது ரவுடிக் கும்பலின் அமைப்பைப் போல இருக்கிறது என்பது நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. பதினெட்டு ஆண்டாக டி.எம். நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது கட்டளையிடும் நாற்காலி அல்ல. நாலு மணி நேர ஆட்டத்துக்கு வாரம் முழுக்கத் தயார்செய்துவிட்டு, ஆட்டக்காரர்கள் அதில் பாதியைத் தொடாமல் வேறு பக்கம் போகும்போது சிரித்த முகத்தோடு பின்னால் ஓடும் வேலை. டெக்சஸ் மாநிலத்தில் மரண தண்டனைக் கைதிகள் தனிமைச் சிறையில் ஆடியதை 2023இல் பத்திரிகையாளர் கெரி பிளாக்கிங்கர் விரிவாக எழுதினார். ஆடும்போது ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கதவிடுக்கு வழியாகக் குரல் கொடுத்து ஆடியிருக்கிறார்கள். பகடைக்கு அனுமதி இல்லாததால் எண் காட்டும் சுழலியைத் தாங்களே செய்துகொண்டார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றும் நாள் எது என்பது நாட்காட்டியில் எழுதியிருக்க, முடிவில்லாத கதை ஒன்றை அவர்கள் தொடர்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நீண்டநாள் கூட்டம் என்றாலே நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. மூடிய வட்டம் வெளியாளை உள்ளே விடாது. தொடக்க காலக் கூட்டங்களில் பெண்கள் எவ்வளவு அரிது என்பதை ஃபைன் பதிவுசெய்திருக்கிறார். அந்தக் காலத்தில் 1975இல் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கி, ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் எழுத்தில் பேச இடம் கொடுத்து, பல பத்தாண்டு நடத்திய லீ கோல்ட் ஒரு பெண் என்பதை இங்கே நினைக்க வேண்டும். இன்னொன்று கசப்பானது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர், இந்தியத் துணைக்கண்டத்தின் சாயலும் மாயன் சாயலும் கலந்த டெக்குமெல் என்ற உலகத்தைத் தனி மொழிகளோடு படைத்தார். 1975இல் அது ஆட்டமாக வெளிவந்தது. அவர் வீட்டில் வியாழக்கிழமை ஆட்டம் பல ஆண்டு நடந்தது. ஃபைனின் நூலிலும் அந்த மேசை வருகிறது. ஐரோப்பிய வாசனை இல்லாத உலகம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் இருந்தது. அவர் 2012இல் இறந்தார். நவநாஜிக் கருத்துள்ள நாவலொன்றைப் புனைபெயரில் 1991இல் வெளியிட்டவர் அவர்தான் என்பதை டெக்குமெல் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது. ஒரு மேசையில் பல வருடம் சேர்ந்து கதை சொன்னால், எதிரில் இருப்பவர் மனத்தில் இருப்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தவன் நான்.

இன்றைக்கு ஆட்டத்தின் பெயரைக் கேட்டதும் இளைஞர்களுக்கு நினைவு வருவது கிரிட்டிக்கல் ரோல். லாஸ் ஏஞ்சலிஸின் குரல் நடிகர்கள் சிலர் 2012இல் நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்காக ஆடத் தொடங்கி, 2015 முதல் அதையே இணையத்தில் நேரலையாக்கினார்கள். அனிமேஷன் எடுக்க 2019இல் ரசிகர்களிடம் கேட்டபோது 1 கோடியே 13 லட்சம் டாலர் சேர்ந்தது. பணத்தைவிட எனக்கு வியப்பு, நாலு மணி நேரம் ஆறேழு நண்பர்கள் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க உலகமெங்கும் இத்தனை பேர் ஏங்கியிருந்தார்கள் என்பது. அதைப் பார்த்து ஆட வந்தவர்கள் ஏராளம். நடிகர்களைப் போல் வேடம்கட்ட வராதே என்று தயங்கி நின்றுவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை: பல நல்ல மேசைகளில் யாரும் குரலை மாற்றிப் பேசுவதே இல்லை.

2020இன் ஊரடங்கில் கூட்டங்கள் கணினித் திரைக்கு மாறின. 2012 முதலே இருந்த ரோல்20 போன்ற தளங்கள் அப்போதுதான் பலருக்கு அறிமுகமாயின. சேர்ந்து தின்னும் தின்பண்டம் போயிற்று, பகடை மேசையில் உருளும் சத்தம் போயிற்று. வேறு ஊருக்குப் போனதால் விட்டுப்போனவர்கள் திரும்பி வந்தார்கள். லாபம்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் உடையும் காரணங்களில் முதலாவது யாவரும் அறிந்தது: எல்லாருக்கும் ஒத்துவரும் நாள் கிடைக்காது. பென் ராபின்ஸ் என்பவர் அதற்கொரு மாற்று கண்டார். நிலையான நாளும் இல்லை, நிலையான அணியும் இல்லை. யாருக்கு எப்போது முடிகிறதோ அவர்கள் கூடி, ஒரே உலகத்துக்குள் போய் வந்து, கண்டதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெஸ்ட் மார்ச்சஸ் என்ற அந்த முறை பெரிய கூட்டங்களுக்கு நல்ல மருந்து. இரண்டாவது காரணம் டி.எம். களைத்துப்போவது. மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை: பழைய நண்பர்கள் ஒருவரை ஒருவர் காயப்படுத்துவது. ஆட்டம் தாங்க முடியாத இடத்துக்குப் போனால் காரணம் சொல்லாமல் தொட்டு நிறுத்திவிடலாம் என்று ஓர் அட்டையை மேசை நடுவில் வைக்கும் வழக்கத்தை ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் உண்டாக்கினார். எக்ஸ் கார்டு என்று பெயர். புதியவர்களுக்குத்தான் அது, நமக்கெதற்கு என்று பழைய கூட்டங்கள் நினைக்கின்றன. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

2015இல் ஒரு நள்ளிரவு, ஒரு மணி தாண்டியிருக்கும். நோட்டு எழுதும் நண்பனின் பூசாரி, எட்டு வருடமாக அவன் வளர்த்தவன், ஒரே பகடையில் இறந்தான். விதியை நான் தவறாகச் சொல்லியிருந்தேன். அவன் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினான். களைப்பிலும் வீம்பிலும் “டி.எம். நான்தானே” என்றேன். அவன் எதுவும் பேசவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் சமாதானம் செய்து பார்த்தார்கள். ஐந்து வருடம் வரவில்லை. நாங்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அன்று நிறுத்திய இடத்துக்கு, பாழடைந்த கிராமத்தில் ஒரு வறண்ட கிணற்றடிக்கு, கதை திரும்பிப் போகவே இல்லை, நான் கொண்டுபோகவில்லை.

2020 ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஏழாவது நோட்டின் கடைசிப் பக்கம். அதே முத்துமுத்தான கையெழுத்து, பாதியில் நின்ற வரி. கீழே, “டேய், இந்தக் கிணத்துக்குள்ள இருந்து கத்துனது யாருடா?”

விடை எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும். முதலில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், கொஞ்சம் நீளமாகவே. கிணற்றைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாரும் வீடியோ காலில் வருகிறோம், நோட்டை எடுத்துக்கொண்டு வா, இறங்கிப் பார்க்கலாம் என்று அனுப்பினேன்.